வண்டி இழுக்கவில்லையா? பழைய பெட்ரோல் காரில் அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

“வண்டியில் இழுவையே இல்லை” என்று சொல்லி ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுப்பவர்கள் பலருக்கு அடுத்த கேள்விக்குப் பதில் தெரிவதில்லை: எப்போது இல்லை? காலையில் கிளப்பியதுமா, சூடேறிய பிறகா, மேட்டிலா, சமதளத்தில் எழுபதைத் தாண்டும்போதா, மழையிலா? இதற்குப் பதில் கையில் இருந்தால் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் மெக்கானிக் தனக்குப் பழகிய வரிசையில் போவார்: பிளக் மாற்றம், கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) சர்வீஸ், பெட்ரோல் ஃபில்டர், கடைசியில் பம்ப். அவற்றில் ஏதோ ஒன்று சரியாக அமைந்துவிடும். மற்ற மூன்றுக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.

இங்கே சொல்வதெல்லாம் கார்பரேட்டர் வைத்த மாருதி 800, பத்மினி, அம்பாசடர் போன்ற பெட்ரோல் வண்டிகளுக்கும், எம்.பி.எஃப்.ஐ. (கார்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் முறை) வந்த புதிதில் வந்த கார்களுக்கும் பொருந்தும். டீசலுக்குக் கணக்கு வேறு. அதை இதில் கலக்கவில்லை.

கோளாறு காட்டும்போது என்ன கியர், என்ன வேகம், ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதித்திருந்தது, என்ஜின் சூடா குளிரா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், வெளியே வெயிலா மழையா என்று சில நாட்கள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். சோதித்துப் பார்க்கும் சாலைகளுக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமே இல்லை. சீரான வேகத்துக்குச் சேலம் - கொச்சி நெடுஞ்சாலை. தொடர்ந்து பாரம் ஏற்றிப் பார்க்க ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள், அல்லது பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. வெயிலில் நின்று ஊர்ந்து பார்க்க ஈரோடு, திருப்பூரின் எந்தக் கடைவீதியும் போதும்.

என்ஜின் மேல் குற்றம் இல்லாதவை

முதலில் இவற்றைத் தள்ளிவிடுங்கள், காசு செலவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவரை உட்கார வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கார்பரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். த்ராட்டில் தகடு (உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு) செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்வாகவே நின்றால் கேபிள் தொய்ந்திருக்கிறது, அல்லது பெடலுக்குக் கீழே தடிமனான மிதியடி மடங்கிக் கிடக்கிறது. புது மிதியடி போட்ட மறுநாளிலிருந்து “பிக்கப் போய்விட்டது” என்று வரும் வண்டிகள் உண்டு.

அடுத்தது கிளட்ச். மேட்டில் டாப் கியரில் மிதிக்கும்போது என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் சக்தி கிளட்சில் வழுக்கிப் போகிறது. கடைசியாக பிரேக். அதிகம் பிரேக் பிடிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மிதித்ததும் ஒரு கணம் அமுங்கி, பிறகு எழுகிறது

சிக்னலில் நின்று கிளம்பும்போது மிதிக்கிறீர்கள். என்ஜின் ஒரு கணம் செத்ததுபோல் அமுங்கி, பிறகு சட்டென்று பாய்கிறது. த்ராட்டில் திடீரென்று திறக்கும்போது காற்று உடனே உள்ளே ஓடிவிடும், பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கார்பரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்ப் வைத்திருக்கிறார்கள்.

சோதிப்பது எளிது. என்ஜின் நின்றிருக்கட்டும், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். கார்பரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டு த்ராட்டில் லீவரைக் கையால் திருப்புங்கள். லீவர் நகரத் தொடங்கிய அதே நொடியில், ஊசி மருந்து பீச்சுவதுபோல் பெட்ரோல் மெல்லிய கோடாக நேராக விழ வேண்டும். பாதித் தூரம் திரும்பிய பிறகுதான் விழுகிறது, அல்லது கோடாக வராமல் சொட்டுகிறது என்றால் பம்பின் டயஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) விறைத்திருக்கிறது அல்லது பீச்சு துளை அடைத்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்யக் கம்பி விடாதீர்கள். கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். கம்பி விட்டுப் பெரிதான ஜெட்டை, அதாவது அந்த அளவுத் துளையை, திரும்பச் சிறிதாக்க முடியாது.

பீச்சு நன்றாக இருந்தும் அமுங்கினால் வெளிக்காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பாருங்கள்: கார்பரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கட், மேனிஃபோல்ட் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், வெடித்துப் போன சிறிய ரப்பர் குழாய்கள். ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) என்ஜின் ஏற்ற இறக்கமாக ஓடுவது இதன் துணை அறிகுறி. சந்தேகமான ஹோஸை இடுக்கியால் மெதுவாக அமுக்குங்கள். ஓட்டம் மாறினால் அங்கேதான். சூடான என்ஜின் மேல் பெட்ரோலையோ ஸ்பிரேயையோ அடித்துக் கசிவு தேடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தீப்பிடிக்க அது போதும், வேண்டாம்.

ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் தட்டையான டப்பாவாக ஒட்டியிருக்கும், பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் வாக்குவம் அட்வான்ஸையும் மறந்துவிடுகிறார்கள். அதன் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். காற்று பிடித்து நிற்க வேண்டும். உறிஞ்ச உறிஞ்ச வந்துகொண்டே இருந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிட்டது.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இதே அறிகுறிக்கு முதல் சந்தேகம் த்ராட்டில் பொசிஷன் சென்சார். மல்டிமீட்டரை இணைத்து பெடலை மெதுவாக அமுக்கினால் மின்னழுத்தம் சுமார் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை தடங்கலின்றி ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் குதித்தால் அந்த இடத்தில்தான் வண்டியும் குதிக்கிறது.

சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. மேட்டிலோ வேகத்திலோ மூச்சு வாங்குகிறது

கொங்கு நாட்டில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். கார்பரேட்டர் வண்டியாக இருந்தால், எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மேட்டில் திணறும் அந்த நேரத்தில் சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் இழுப்பான்) ஒரு கால் பங்கு இழுங்கள். வண்டி உடனே தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், அல்லது கோளாறு கரண்ட் பக்கம், அதாவது பொறி கொடுக்கும் பாகங்களில். ஒரு பைசா செலவில்லாமல், ஸ்பானர் தொடாமல், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இதைச் செய்யாமல் கார்பரேட்டரைப் பிரித்து மேசையில் பரப்பும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள் என்றே சொல்வேன்.

பெட்ரோல் போதவில்லை என்று தெரிந்தால் டேங்கிலிருந்து தொடங்கி முன்னால் வாருங்கள். திணறும்போது ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டுப் பெட்ரோல் வர மறுக்கிறது. மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்து வண்டி சரியானால் மூடியை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

பிறகு ஃபில்டர். கழற்றி, பெட்ரோல் உள்ளே வரும் பக்கமாக ஒரு வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பு நிறத்தில் மாவுபோல் விழுந்தால் டேங்க் துரு. கறுப்புத் துகள் என்றால் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் கரைகிறது. இந்த இரண்டாவது ஒன்று இப்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் பங்க்குகளில் 2023 முதல் வரத் தொடங்கியது. அதை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய், டயஃப்ரம், சீல் எல்லாம் அதில் ஊறி உப்பவோ விறைக்கவோ செய்கின்றன. அதோடு, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், கலப்பில்லாத பெட்ரோலுக்கு ஜெட் அளவு வைத்த கார்பரேட்டரில் கலவை ஏழெட்டு சதவீதம் வறண்டுபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறைந்துவிடும். முன்பே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத் திணறல் தொடங்க அதுவே போதுமானது. மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டி என்றால் இன்னொரு தொல்லை: எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். மேட்டில் முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள குழாய். இங்கே விவசாயிகளுக்கு விளக்கமே தேவையில்லை: கிணற்று மோட்டாரின் சக்‌ஷன் பைப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது, ஆனால் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு தண்ணீர் ஏற்றாமல் நிற்கும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள காரிலும் அப்படித்தான். அந்தக் குழாய் அழுத்தத்தில் இல்லை, உறிஞ்சலில் இருக்கிறது. ஆகவே வெடித்திருந்தாலும் பெட்ரோல் நாற்றம்கூட வராமல் போகலாம். குழாய் முனைகளில் விறைப்பும் கீறலும் தெரிந்தால் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்காமல் மாற்றிவிடுங்கள். எத்தனாலுக்கு ஏற்ற குழாய் என்று கேட்டு வாங்குங்கள். மீட்டர் கணக்கில் கிடைக்கும் மலிவு டியூப் வேண்டாம்.

பம்பைச் சோதிக்க: இக்னிஷன் காயிலின் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) இணைப்பைக் கழற்றிப் பொறி வராமல் செய்துவிட்டு, கார்பரேட்டருக்கு வரும் குழாயை ஒரு டப்பாவுக்குள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் துடிப்போடு பாய வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இப்படிக் குழாயைக் கழற்றவே கூடாது. பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று பார் அழுத்தம் அதில் இருக்கும். அதற்கு கேஜ் உள்ளவரிடம் போங்கள். அங்கேயும் சும்மா ஓடும்போது பார்ப்பதோடு நிறுத்தாமல், பாரத்தில் அழுத்தம் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் சரியான எண் காட்டும் தேய்ந்த பம்புகள் நிறைய.

சூடானால் மட்டும்

ஏப்ரல், மே மாதங்களில் கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். அந்த வெயிலில் நின்று நின்று போகும் பழைய கார் திணறி அணைந்தால் இரண்டு சந்தேகம்: குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது, அல்லது காயில் சூட்டில் செயலிழக்கிறது. அணையும் விதமே பெரும்பாலும் சொல்லிவிடும். பெட்ரோல் பஞ்சம் மெதுவாக வரும். வண்டி தளர்ந்து, குலுங்கி, பிறகு நிற்கும். கரண்ட் போனால் சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே வெட்டு.

நின்ற இடத்திலேயே பாருங்கள். வீட்டுக்கு இழுத்து வந்தால் ஆறிவிடும், எதுவும் தெரியாது. பெட்ரோல் பம்ப் மேலும் குழாய் மேலும் ஈரத்துணி போட்டுச் சில நிமிடங்களில் கிளம்பினால் ஆவிதான் காரணம். சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டிக் குழாய் போகிறதா, பம்புக்கு அடியில் உள்ள சூடு தடுக்கும் கேஸ்கட் இருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய வண்டிகளில் யாரோ ஒருவர் அதை எப்போதோ தூக்கி எறிந்திருப்பார். ஈரத்துணிக்கு அசையவில்லை என்றால், கைவசம் வைத்திருக்கும் ஒரு பிளக்கை வயரில் செருகி, பாடியில் படும்படி வைத்துச் சுற்றுங்கள். பொறி நீலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். மஞ்சளாக, நூலாக வந்தால் காயில் அல்லது கன்டென்சர். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இதே வெட்டு, என்ஜின் சுற்றுவதைக் கணிக்கும் கிராங்க் சென்சாரிலிருந்தும் வரும்.

கேஸ் கிட் போட்ட வண்டி சூட்டில் இழுவை குறைந்து, ஐடிலிங்கும் நிற்காமல் போனால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். எல்.பி.ஜி.யில் ஓடிய பழைய என்ஜின்களில் வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலேறும். இடைவெளி குறுகி, சூட்டில் வால்வு முழுதாக மூடாது. டிக்டிக் சத்தம் போடும் வால்வைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். சத்தமே போடாத வால்வுதான் எரிந்து போகிறது.

மழையிலும் பனியிலும்

இதற்கு நீண்ட பேச்சு வேண்டாம். பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில் கழுத்து. இரவில் விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டு, வயர்கள் மேல் லேசாகத் தண்ணீரைத் தெளியுங்கள். நீலப் பொறி ஊர்ந்து ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையை உள்ளே விடாதீர்கள். துண்டும் வேட்டி நுனியும் ஃபேன் பெல்ட் பக்கம் போக வேண்டாம். மூடிக்குள் பென்சில் கோடுபோல் கறுப்பு வரி ஓடியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள்.

சீரான மிஸ்ஸிங்

குறிப்பிட்ட தாளத்தில் ‘டப்... டப்...’ என்று விட்டு விட்டு அடித்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மூன்று சிலிண்டர் மாருதி 800-ல் ஒன்று போனால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போனதுபோல. நான்கு சிலிண்டர் வண்டியில் சிலர் கவனிக்காமலே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக், யார் எந்தப் புகாருடன் வந்தாலும், “கார்பரேட்டர் இருக்கட்டும், முதலில் பிளக்கைக் காட்டு கண்ணு” என்பார். எல்லாப் பிளக்கையும் கழற்றிச் சிலிண்டர் வரிசையிலேயே பெஞ்சில் அடுக்குவார். பீங்கான் முனை வெளிறிய பழுப்பு என்றால் அந்தச் சிலிண்டர் நலம். வெள்ளை வெளேரென்று கொப்புளித்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது சூடு அதிகம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் மேலேறுகிறது. எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் கோளாறு எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில்: கார்பரேட்டர், ஏர் ஃபில்டர், டைமிங் (பொறி விழும் நேரம்). ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரின் வயர், பிளக், வால்வு, மோதிரம் (பிஸ்டன் ரிங்). பிளக்கையும் வயரையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பொருள் கெட்டது. இடம் மாறாவிட்டால் என்ஜினுக்குள்.

இடைவெளிகளையும் அப்போதே பாருங்கள். மாருதி 800-ல் பிளக்குக்கு 0.7 முதல் 0.8 மி.மீ.; பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை வெட்டிவிடும் தொடுமுனை) உள்ள வண்டி என்றால் பாயிண்டுக்கு 0.4 முதல் 0.5 மி.மீ. பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். ஆகவே பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு.

எல்லா வேகத்திலும், எல்லாச் சாலையிலும் மந்தம்

ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று கையேடு சொல்லும் கணக்கு திருப்பூருக்கும் பொள்ளாச்சிக்கும் பொருந்தாது. பின்னலாடைப் பகுதியில் பஞ்சு நூல் ஃபில்டரின் மடிப்புகளுக்கு மேல் கம்பளிபோலப் படியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, நகத்தால் உரித்தால் தாளாக வரும். தென்னைநார் ஆலைகள் உள்ள பக்கம் நுண்ணிய பழுப்புத் தூள் மடிப்பின் அடியில் கெட்டிப்படும். ஆடி மாதக் காற்றில் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிய ஊர்களில் புழுதியும் சேர்ந்துகொள்ளும். ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது சோதனைக்கு ஒரே ஒரு சுற்று, அதுவும் புழுதியில்லாத சாலையில்.

அடுத்தது வெளியே போகும் வழி. வாக்குவம் கேஜை மேனிஃபோல்டில் இணையுங்கள். கோவை சமவெளி உயரத்தில் நல்ல என்ஜின் ஐடிலிங்கில் ஊசி அதிகம் ஆடாமல் 16 முதல் 20 பாதரச அங்குலத்துக்குள் காட்டும். 2,500 சுற்றில் நிறுத்திப் பிடியுங்கள். ஊசி அங்கே நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சரோ, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ அடைத்திருக்கிறது. ரப்பர் சுத்தியலால் தட்டினால் கன்வெர்ட்டருக்குள் கலகலக்கும் சத்தம் அதை உறுதி செய்யும். இதையெல்லாம் திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் ஓடும் என்ஜின் ஆளைக் கொல்லும்.

மலைக்கு மேலே மட்டும் மந்தம் என்றால் ஒரு கணக்கு: கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி குறைவதாலேயே சக்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும். கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் விகிதம் கூடிக் கலவையும் கனத்துப் போகும். இறங்கியதும் சரியாகும் இந்த மந்தத்துக்கு மருந்து கிடையாது. அங்கேயே ஒரு பட்டறையில் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு இறங்கினால் கீழே வந்ததும் வேறு கோளாறு தொடங்கும்.

இவை எதுவும் இல்லை, டைமிங் பெல்ட்டும் பல் தாண்டவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பை எடுத்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். பேட்டரி நல்ல நிலையில் இருக்கட்டும். தளர்ந்த பேட்டரியில் எடுத்த எண் பொய் சொல்லும். தனி எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிடப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளங்கள். எண் ஏறினால் மோதிரம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட். வால்வு அல்லது கேஸ்கட் என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். அதை லேத் பட்டறைக்கு அனுப்பும்போது முதலில் மட்டம் அளந்து சொல்லச் சொல்லுங்கள், வளைந்திருந்தால் மட்டும் சீவட்டும். வால்வு கைடும் சீட்டும் அப்போதே பார்த்துவிடட்டும்.